பிள்ளை இருமினால் தாயா குற்றவாளி?

மழலைச் சொல் கேளாத வீடு வெறும் சுவர்தான் என்பார்கள் பெரியவர்கள். அது உண்மையே. ஆனால் அந்த மழலை நள்ளிரவில் விடாமல் இருமத் தொடங்கும்போது, வீட்டிலுள்ளோரின் முகங்களெல்லாம் ஒரே திசையில் திரும்புகின்றன. "குளிப்பாட்டியபின் தலையைச் சரியாகத் துவட்டினாயா?" என்று மாமியார் கேட்கிறார். "ஐஸ் வாங்கிக் கொடுத்தீர்களா மச்சி?" என்று நாத்தனார் கேட்கிறார். "பகலெல்லாம் வீட்டில்தானே இருந்தாய், ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியவில்லையா?" என்று களைத்து வந்த கணவர் கேட்கிறார். கேட்பவர் மூவர், கூண்டில் நிற்பவள் ஒருத்தி. தோளில் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு, பதில் சொல்லத் தெரியாமல், விடியும்வரை அறைக்குள் உலவிக்கொண்டிருப்பாள் அந்தத் தாய்.

எல்லா ஊர்களிலும் நடக்கும் கதைதான் இது. எனினும் இராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடலோரத்தில், இந்தக் கேள்விகளைச் சற்று நிறுத்தி வைத்து யோசிக்க வேண்டியிருக்கிறது. இங்குள்ள பிள்ளை சுவாசிக்கும் காற்றைத் தாயின் அடுப்படி மட்டும் உண்டாக்குவதில்லை. துறைமுகமும், கொள்கலன் லாரிகளும், ஆலைப் புகைபோக்கிகளும் சேர்ந்தே உண்டாக்குகின்றன.

எது நம் கையில் இருக்கிறது, எது நம் கையில் இல்லை என்று பிரித்தறியாததால் இரண்டு தீமைகள் நேர்கின்றன. நம் கையில் இருப்பதைச் செய்யாமல் விட்டுவிடுகிறோம். நம் கையில் இல்லாததற்கு வீட்டுப் பெண்ணைத் தண்டிக்கிறோம்.

ஓர் அறையில் ஒரு குடும்பம்

1856இல் இராயபுரத்தில் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. அன்று தொட்டே இது உழைப்பாளர்களின் பகுதி. துறைமுகத்தை நம்பியும், மீனை நம்பியும், பின்னர் வந்த மோட்டார், ரப்பர், மின்சார ஆலைகளை நம்பியும் பல ஊர்களிலிருந்து குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. தகப்பனை 'அத்தா' என்றழைக்கும் வீடும், 'வாப்பா' என்றழைக்கும் வீடும், 'நைனா' என்றழைக்கும் வீடும் ஒரே சந்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

இவ்வீடுகளில் பலவற்றுக்குக் கடிகாரம் சுவரில் இல்லை, ஆலையின் ஷிப்டில் இருக்கிறது. இரவுப்பணி முடித்துக் காலையில் வரும் தகப்பனுக்குப் பகல்தான் இரவு. இரண்டு வயதுப் பிள்ளைக்கோ பகல் விளையாடுவதற்கென்றே படைக்கப்பட்டது. இருப்பதோ ஓர் அறை. "அத்தா தூங்குறாங்க, சத்தம் போடாதே கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே தாயின் தொண்டை வறண்டுவிடுகிறது. முடியாதபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறாள். வாசலில் நின்றால் தெருமுனையில் லாரிகள். பிள்ளைக்கு அது திருவிழா. ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை சக்கரம் என்று எண்ணி எண்ணியே எண் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இங்கே உண்டு. மாலையில் எழுந்த தகப்பன் அதே பிள்ளையைத் தோளில் ஏற்றிக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய், தூரத்தில் விளக்கேற்றி நிற்கும் கப்பல்களைக் காட்டும்போது, பகல் முழுதும் பட்ட பாடு அத்தனையும் தாய்க்கு மறந்துபோகிறது.

இன்பமும் துன்பமும் இப்படித்தான் இங்கே ஒரே வாசலில் நிற்கின்றன. பிள்ளைக்கு வேடிக்கை காட்டும் அந்த லாரியின் புகைதான், இரவில் அதன் நெஞ்சில் சளியாகக் கரகரக்கிறது.

நம் கையில் இருப்பவை

முதலில் நம் வீட்டுக்குள்ளேயே பார்ப்போம். குழந்தையைக் குளிப்பாட்டியவுடன் சாம்பிராணி போடுவது நம் பாட்டிமார் காட்டிய வழக்கம். ஈரத்தலை காயும், மணமாக இருக்கும், சளி பிடிக்காது என்று நம்பினார்கள். காற்றோட்டமான முற்றமும் தாழ்வாரமும் இருந்த வீடுகளில் தொடங்கிய வழக்கம் அது. பத்தடிக்குப் பத்தடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பது நாள் சிசுவின் முகத்தருகே புகை போட்டால், அந்தப் புகை போவதற்கு அதன் நுரையீரலைத் தவிர வேறிடம் இல்லை. சாம்பிராணியானாலும் கரிப்புகையானாலும் நுரையீரலுக்கு இரண்டும் புகையே. ஈரத்தலையைத் துவட்ட மெல்லிய பருத்தித் துணி ஒன்று போதும்.

கொசுவர்த்திச் சுருளும் அப்படியே. மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளின் அளவுக்கு ஈடாகும் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலைக்கு ஒருமுறை செலவழித்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.

வீட்டுப் பெரியவர்களிடம் மரியாதையோடு ஒரு வேண்டுகோள். திண்ணையில் அமர்ந்து பீடி பிடித்தாலும் அந்தப் புகை திண்ணையோடு நிற்பதில்லை. சட்டையிலும் தாடியிலும் ஒட்டிக்கொண்டு வந்து, பேரப்பிள்ளையை முத்தமிடும்போது அதன் மூக்கில் ஏறுகிறது. மருமகளைக் கேள்வி கேட்குமுன் சட்டைப்பையைப் பார்த்துக்கொள்வது நியாயமல்லவா?

வீட்டைப் பெருக்கினால் தூசி எழும். ஈரத்துணியால் துடைத்தால் அடங்கும். சன்னலை எந்நேரமும் திறந்து வைப்பதும், எந்நேரமும் அடைத்து வைப்பதும் தவறு. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும் நேரம் அறையைத் திறந்துவிட ஏற்றது. காற்றே அசையாத மார்கழி விடியலிலும், போகியன்று பழையன எரியும் நேரத்திலும், கெட்ட நெடி வரும் இரவிலும் சன்னலைச் சாத்திவைப்பதே நலம்.

தடுப்பூசியை மறந்துவிடலாகாது. நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான ஒரு கிருமியைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி, 2021 முதல் தமிழகத்தின் அரசு நலவாழ்வு நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை. ஊசி போட்ட இரவில் காய்ச்சல் வருமே என்றஞ்சித் தவணையைத் தள்ளிப்போடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஓர் இரவுக் காய்ச்சலுக்கு அஞ்சி, ஆயுள்வரை வருந்த நேரலாம்.

எண்ணத் தெரிந்தால் போதும்

இருமல் வந்துவிட்டது. மருத்துவரிடம் ஓட வேண்டுமா, காலைவரை பொறுக்கலாமா? இந்தக் கேள்விதான் நள்ளிரவில் தாயைக் கலங்கடிக்கிறது. இதற்குப் பட்டப்படிப்புத் தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஆபத்து. இரண்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் இருக்கும் குழந்தைக்கு 50ம், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 40ம் எல்லைக்கோடுகள். உலக சுகாதார நிறுவனம் உலகெங்கும் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரும் கணக்கு இது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், பால் குடிக்க முடியாமல் திணறினாலும் எண்ணிக்கொண்டும் இருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். கணவர் வரட்டும், மாமியாரிடம் கேட்கலாம் என்று காத்திருக்கும் நேரம் அதுவன்று.

இப்பகுதியின் ஏழைத் தாய்மார்க்கு ஒரு காலத்தில் கைகொடுத்த இருவரை இங்கே நன்றியோடு நினைக்கத்தான் வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் மருத்துவர் ஜெயச்சந்திரனும், வியாசர்பாடியில் மருத்துவர் திருவேங்கடமும் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கிப் பின்னாளில் 'ஐந்து ரூபாய் டாக்டர்' என்றே பெயர் பெற்றார்கள். முன்னவர் 2018 டிசம்பரிலும், பின்னவர் 2020 ஆகஸ்டிலும் மறைந்தார்கள். ஐந்து ரூபாயில் அப்பெண்களுக்குக் கிடைத்தது மருந்து மட்டுமன்று. கடிந்து கொள்ளாமல் காதுகொடுத்துக் கேட்கும் ஒருவரும் கிடைத்தார்.

மருந்துக்கடையில் ஒரு பாட்டில் 'சிரப்' வாங்கி ஊற்றிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவோர் 2025ஐ மறக்கலாகாது. அவ்வாண்டு காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தனர். அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு ஏறத்தாழப் பாதியளவு கலந்திருந்தது. அதன்பின் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித் தரலாகாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கும் பொதுவாக அவை வேண்டியதில்லை என்றும் அறிவுறுத்தியது. ஒரு வயது கடந்த பிள்ளைக்குச் சிறிது தேனும், எல்லாப் பிள்ளைக்கும் பாலும் இதமான நீராகாரமுமே சாதாரண இருமலுக்குப் போதும். ஆறு மாதம் நிறையாத சிசுவுக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது.

மற்றொன்றையும் மனம்விட்டுப் பேசவேண்டும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு மருத்துவர் இன்ஹேலர் எழுதினால், "பழக்கமாகிவிடும்" என்று அஞ்சி அதை அலமாரியில் பூட்டுகிறோம். பெண்பிள்ளையானால், "நாளை மாப்பிள்ளை வீட்டார்க்குத் தெரிந்தால்?" என்ற கவலை வேறு. இன்ஹேலர் போதைப்பொருளன்று. மருந்தை வேண்டிய இடத்துக்கே, மிகச் சிறிய அளவில் கொண்டு சேர்க்கும் கருவி அது. இருபதாண்டு கழித்து வரப்போகும் சம்பந்திக்காக இன்று பிள்ளையின் மூச்சை அடகு வைக்கலாமா?

நம் கையில் இல்லாதவை

இத்தனையும் செய்த பின்னும் சில பிள்ளைகளின் இருமல் நிற்பதில்லை. அப்போது வீட்டுக்கு வெளியே பார்க்க வேண்டும்.

இராயபுரம், காசிமேடு பக்கத்துப் பெண்கள் வெள்ளைத் துணியை மொட்டை மாடியில் உலர்த்த அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. சென்னைத் துறைமுகத்தில் திறந்த வெளியில் கையாளப்பட்ட நிலக்கரியும் இரும்புத்தாதும் கருந்தூசியாய் வந்து துணியிலும் சோற்றிலும் படிந்தன. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2011 அக்டோபர் 1 முதல் அச்சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளலாகாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. அதுவரை எத்தனை மாமியார்கள், "துணியைக்கூட ஒழுங்காகத் துவைக்கத் தெரியவில்லை" என்று மருமகளைச் சொல்லியிருப்பார்களோ! துணியில் படிந்த அந்தக் கருப்பு, துவைத்தவளின் குற்றமன்று.

எனினும் இராயபுரத்தை விட்டுப் போன நிலக்கரி உலகை விட்டுப் போய்விடவில்லை. வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. நம் தெருப் பிள்ளையின் நெஞ்சிலிருந்து இறங்கிய சுமையில் ஒரு பகுதி, அடுத்த ஊர்ப் பிள்ளையின் நெஞ்சில் ஏறியது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டதும் அவ்வூரார் சற்று மூச்சுவிட்டனர். அதற்கு வடக்கே வேறு அனல்மின் நிலையங்கள் எழுந்து நின்றன.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை எண்ணூர்ப் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வூரையொட்டிய கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, நெஞ்சடைத்து விழித்தார்கள். கைக்குழந்தைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு இருட்டில் தெருவுக்கு ஓடினார்கள். 50க்கும் மேற்பட்டோர் அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனைகளிலும் சேர்க்கப்பட்டனர். அமோனியா காற்றில் ஒரு கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது 24 மணி நேரச் சராசரிக்கான விதி. அன்றிரவு ஆலையின் அருகே அது 2,090 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து சொன்னது. அம்மாதத் தொடக்கத்தில் வீசிய மிக்ஜாம் புயலில் கடலடிப் பாறைகள் இடம்பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கக்கூடும் என்று பின்னர் தொழில்நுட்பக் குழு கூறியது. 5.92 கோடி ரூபாய் இழப்பீட்டையும் பரிந்துரைத்தது.

மறு ஆண்டு 2024 அக்டோபர் 25 அன்று, திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியின் மாணவர் பலர் நெடி தாளாமல் மூச்சுத்திணறி மயங்கினர். நவம்பர் 4 அன்று பள்ளி திறந்ததும் மீண்டும் சிலருக்கு அவ்வாறே நேர்ந்தது.

இவற்றில் எந்த இருமலுக்கு எந்தத் தாய் பொறுப்பு?

நெடி வரும் இரவில் செய்ய வேண்டியதை முன்கூட்டியே வீட்டில் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும். ஆகவே நனைத்துப் பிழிந்த துணியை மூக்கின்மேல் பிடித்தால் ஓரளவு காக்கும். கைக்குழந்தையின் மூக்கில் அழுத்தாமல் முகத்தருகே பிடிக்க வேண்டும். நெடி வெளியே இருந்து வந்தால் கதவு சன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி திணித்து உள்ளே இருக்கலாம். வெளியேறச் சொன்னால், காற்று வீசும் திசையோடு ஓடாமல் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். எங்கேனும் ஒரு கொடி பறக்கும் திசையைப் பார்த்தால் காற்றின் போக்கு தெரியும். கண்ணையும் தோலையும் நிறையத் தண்ணீரால் கால் மணி நேரம் கழுவ வேண்டும்.

இலண்டனில் ஒரு தாய்

கடல் கடந்த ஒரு தாயின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். இலண்டனில் வாகன நெரிசல் மிகுந்த சாலையின் அருகே வாழ்ந்தவர் ரோசமண்ட். அவருடைய மகள் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா கடும் ஆஸ்துமாவால் மூன்றாண்டுகளுக்குள் முப்பது முறையளவு மருத்துவமனைக்குப் போய்வந்தாள். 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்துபோனாள். மகள் ஏன் இறந்தாள் என்ற கேள்வியை அந்தத் தாய் விடவில்லை. 2020 டிசம்பரில், சாலைப் புகையால் கெட்ட காற்றும் அச்சிறுமியின் மரணத்துக்கு ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்நாட்டில் அப்படிப்பட்ட தீர்ப்பு அதுவே முதன்முறை. காற்றின் கேட்டைப் பற்றித் தாய்க்கு உரிய தகவல் தரப்படவில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். தெரிந்திருந்தால் வீட்டையே மாற்றியிருப்பேன் என்று அந்தத் தாய் கூறினார்.

நம்மில் பெரும்பாலோர்க்கு வீடு மாற்ற வசதியில்லை. மாறினாலும் பிழைப்பு இங்கேதான். ஆனால் அந்தத் தாய் செய்த ஒன்றை நாமும் செய்யலாம். ஏன் என்று கேட்கலாம். கேட்பதற்கு ஆதாரத்தைச் சேர்த்து வைக்கலாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

மஃரிப் தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வரும் நேரத்தில், பள்ளிவாசல் வாயிலில் பிள்ளைகளை ஏந்திக்கொண்டு தாய்மார் வரிசையாய் நிற்பதை நம் பகுதிகளில் யாரும் பார்த்திருப்பீர்கள். ஓதி ஊதிவிட்டால் பிள்ளை அயர்ந்து தூங்கும் என்ற நம்பிக்கையில், முந்தானையால் தலையை மூடிய பெண்ணும், நெற்றியில் குங்குமம் வைத்த பெண்ணும், கழுத்தில் சிலுவை அணிந்த மீனவப் பெண்ணும் அங்கே அடுத்தடுத்து நிற்கிறார்கள். அவர்கள் வீடுகள் வேறு, வழிபாடு வேறு. பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று ஒன்று.

அந்த வரிசையில் நிற்கும் தாய்மார் ஒவ்வொருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டால் எப்படியிருக்கும்? பிள்ளைக்கு இருமல் வந்த தேதி, நேரம், அன்று காற்று கடலிலிருந்தா நிலத்திலிருந்தா வீசியது, என்ன நெடி வந்தது, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, மருத்துவர் என்ன சொன்னார் என்று நாலு வரி எழுதினால் போதும். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி எழுதிக் கொடுக்கட்டும். ஒரு நோட்டு மருத்துவருக்கு நோயை விளக்கும். ஒரே தெருவின் இருபது நோட்டுகளில் ஒரே தேதி எழுதியிருந்தால், அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேசைக்குப் போகத் தகுந்த சான்றாகும். தனித்தனியே தாயின் குற்றமாய்த் தெரிந்தது, சேர்த்து வைத்தால் ஊரின் குறையாய்த் தெரியும். ஜமாஅத்தாரும், மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தாரும், பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் ஒரே மனுவில் கையெழுத்திட அதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்?

கணவர்மார்களே, இரவுப்பணி இல்லாத நாள்களிலேனும் பிள்ளையின் மூச்சை எண்ணும் அந்த ஒரு நிமிடத்தை உங்களுடையதாக்கிக் கொள்ளுங்கள். மாமியார்களே, உங்கள் பிள்ளை இருமிய இரவுகளில் உங்களை யார் என்ன கேட்டார்கள் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். அடுத்த முறை பேரப்பிள்ளை இருமும்போது, "என்ன கொடுத்தாய்?" என்று தொடங்காமல், "பிள்ளையை என்னிடம் கொடு, நீ கொஞ்சம் படுத்துக்கொள்" என்று சொல்லுங்கள். விடியும்வரை நடந்த கால்களுக்கு அதைவிடச் சிறந்த மருந்து எந்தக் கடையிலும் விற்பதில்லை.